கடைசி ஆள் வரட்டும்

ஒரு படுக்கை விரிப்பை ஒழுங்காக மடிக்க இரண்டு பேர் வேண்டும். வீட்டில் நாம் ஒற்றை ஆளாக மார்போடு அணைத்து, தாடையில் இடுக்கி, எப்படியோ சுருட்டி அலமாரிக்குள் தள்ளிவிடுகிறோம். சலவைக்கூடத்தில் அந்த ஜம்பமெல்லாம் பலிக்காது. ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். துவைத்து, பிழிந்து, சூடான உருளைக்குள் விட்டால் தட்டையாக, ஆவி பறக்க வெளியே வரும். இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து ஓர் உதறு. பிறகு ஒருத்தியை நோக்கி ஒருத்தி நடந்து வந்து மூலையோடு மூலையைச் சேர்ப்பார்கள். விலகுவார்கள், மறுபடி நெருங்குவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு பேர் சண்டை போட்டுச் சமாதானமாகி, சண்டை போட்டுச் சமாதானமாகிற மாதிரியே இருக்கும்.

அப்படி ஒரு ஜோடிதான் பெரியக்காவும் வாயாடியும். பெரியக்காவுக்கு அந்தப் பெயர் வயதால் வந்தது. வாயாடிக்கு எதனால் வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உருளை இரைச்சலுக்கு மேலே அவள் குரல் கேட்கும். மாமியார் சொன்னது, அதற்கு இவள் சொன்னது, சொல்ல நினைத்து மென்று முழுங்கியது, எல்லாம் விரிப்போடு விரிப்பாக மடிந்து அடுக்கில் ஏறும்.

கொஞ்ச நாளாக அந்தப் பேச்சுக்குள் வேறு ஒரு பேச்சு கலந்திருந்தது. "வா… வா… இன்னும் வா… வலது கையை ஏத்து… ஆங், பிடிச்சுக்கோ."

மூட்டைகளை ஏற்றிப் போகிற டிரைவர் அதைக் கேட்டுவிட்டு, "என்னம்மா, துணி மடிக்கிறியா, லாரியை ரிவர்ஸ் எடுக்கிறியா?" என்பார்.

"உங்க லாரியைவிட எங்கக்கா நல்லாவே திரும்புவா, நீங்க போங்கண்ணே."

எல்லாரும் சிரிப்பார்கள். பெரியக்காவும் சிரிப்பாள். ஆனால் அந்த "வா வா" இல்லாவிட்டால் அவளால் ஒரு மூலையைக்கூடச் சேர்க்க முடியாது என்பது இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். பெரியக்காவின் கண்களில் புரை விழுந்திருந்தது. வெள்ளை விரிப்பு, வெள்ளை ஆவி, வெள்ளைச் சுவர் எல்லாம் ஒன்றோடொன்று கரைந்து பால் மாதிரி நிற்கும். அந்தப் பாலுக்குள்ளிருந்து வாயாடியின் குரல் வரும். குரலை நோக்கி நடந்தால் கை கிடைக்கும். கை கிடைத்தால் மூலை கிடைக்கும்.

ஊர் வம்பையெல்லாம் வாயில் வைத்திருக்கிறவள் இந்த ஒன்றை மட்டும் வெளியே விடாமல் வைத்திருந்தாள். "யாருகிட்டயாவது சொன்னே, அப்புறம் ஜென்மத்துக்கும் உன்கூடப் பேச மாட்டேன்" என்று பெரியக்கா சொல்லியிருந்தாள். வாயாடியை மிரட்ட அதைவிடப் பெரிய ஆயுதம் கிடையாது.

வீட்டில் மறைக்க முடியுமா? பெரியக்காவின் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளெல்லாம் ஆட்களைப் பார்த்தே பழகிய கண். ஒருநாள் அவள் செம்பைச் சாய்த்தபோது தண்ணீர் டம்ளருக்கு வெளியே மேஜைமேல் ஓடியது.

"மேஜைக்கும் தாகமா இருக்கும் பாவம்," என்றார். "முடிஞ்சா டம்ளருக்கும் கொஞ்சம் ஊத்து."

அவர்தான் இழுத்துக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போனார். கடைக்காரர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இது கண்ணாடியில சரியாகாதும்மா, புரை. ஆபரேஷன் பண்ணணும்" என்றார். வெளியே வந்ததும் வீட்டுக்காரர் கேட்டார்: "உங்க கம்பெனியில ஏதோ கார்டு குடுத்தாங்களே, ஆஸ்பத்திரிக்குன்னு?"

"அதைத் தொடக் கூடாது."

"ஏன், சுடுமா?"

"எங்க பாய்லர் அண்ணனுக்கு வேணும், அவருக்கு மூச்சு இழுக்குது. நான் எடுத்துட்டா அவருக்குக் குறைஞ்சிடும்."

"ஏம்மா, பஸ்ல ஆளுக்கு ஒரு டிக்கெட்தானே? நீ ஏறினா அவரு இறங்கணுமா என்ன?"

"பஸ் வேற, இது வேற. தெரியாததுல எல்லாம் தலையிடாதீங்க."

புருஷன் சொன்னது சரியாகவே இருந்தாலும், சொன்னவர் புருஷன் என்பதால் அது எடுபடாமல் போவது எல்லா வீட்டிலும் நடக்கிறதுதானே!

அந்தச் சலவைக்கூடத்துக்காரர்கள் அப்படி நினைத்ததற்குக் காரணம் இருந்தது. அவர்கள் சாப்பிடும் முறை அப்படி. மதியம் உருளையை நிறுத்தியதும் மடிக்கிற நீள மேஜையைத் துடைத்து, எல்லாருடைய டப்பாவையும் திறந்து நடுவில் வைத்துவிடுவார்கள். இது என் வீட்டுச் சோறு, அது உன் வீட்டு முட்டை என்ற பேச்சே இல்லை. முதல் தடவை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டாம் தடவை மட்டும் கடைசி ஆள் வந்து உட்காரும்வரை ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. யாரோ எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனால் அதை மீறியவர் அங்கே இல்லை.

அந்தக் கடைசி ஆள் எப்போதும் பாய்லர் அண்ணன்தான். கீழே ஆவியை இறக்கி, வால்வை மூடி, எல்லாவற்றையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் அவர் படியேறுவார். இப்போதெல்லாம் படியேற நேரமாகிறது. நடுவில் நின்று, கைப்பிடியைப் பிடித்து, மூச்சை வாங்கிக்கொண்டு ஏறுவார். நெஞ்சுக்குள்ளிருந்து மெல்லிய விசில் மாதிரி ஒரு சத்தம் அவருக்கு முன்னாலேயே மேலே வந்துவிடும். அந்தச் சத்தம் காதில் விழுந்த மாதிரிக் காட்டிக்கொள்ளாமல் இருக்க எல்லாரும் சத்தமாகப் பேசுவார்கள்.

கம்பெனி மருத்துவக் காப்பீட்டுக் கார்டு கொடுத்தபோது, "உங்க எல்லாருக்கும் சேர்த்துக் கட்டியிருக்கோம்" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். 'எல்லாருக்கும் சேர்த்து' என்றால் அவர்களுக்கு அந்த மேஜைதான். யாரும் கூடிப் பேசவில்லை, முடிவு எடுக்கவில்லை. ஒரு காலி சோப்புப் பெட்டியில் எல்லாக் கார்டையும் போட்டு, "நீங்களே வச்சுக்குங்கண்ணே" என்று பாய்லர் அண்ணனிடம் கொடுத்துவிட்டார்கள். முதலில் அவருக்குத்தானே வேண்டும்! வாயாடியின் மகன் மரத்திலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டபோதுகூட அவள் கம்மலைக் கழற்றி அடகு வைத்தாளே தவிர, அந்தப் பெட்டியின் பக்கம் போகவில்லை.

இப்படியே போய்க்கொண்டிருக்கையில் ஆபீஸிலிருந்து ஒரு பெண் வந்தாள். பணியாளர் நலன் பார்க்கிற பிரிவில் புதிதாகச் சேர்ந்தவள். "அந்தக் கிளையிலிருந்து இதுவரைக்கும் ஒருத்தர்கூடக் காப்பீட்டைப் பயன்படுத்தல. போய்ப் புரிய வச்சிட்டு வா" என்று அனுப்பியிருந்தார்கள். தோளில் பை, கையில் சுருட்டிய பெரிய படம். உருளை இரைச்சலுக்கு மேலே கத்தினாள்.

"எல்லாருக்கும் சேர்த்து ஒரே பாலிசிங்க! நீங்க எல்லாரும் ஒரு குழு!"

"அதான் தெரியுமே!" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"பயப்படாம பயன்படுத்தணும்!"

"தேவை வந்தா கண்டிப்பாம்மா!"

"யாருக்காவது கேள்வி இருக்கா?"

வாயாடி கையைத் தூக்கினாள். "உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா கண்ணு?"

அந்தப் பெண் சிவந்து போய், படத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு, எல்லாருக்கும் நன்றாகப் புரிந்துவிட்டது என்று சந்தோஷமாகப் போய் எழுதிக் கொடுத்தாள். ஆவி பட்டு அந்தப் படம் சுருண்டு போயிற்று. பாவம், ஆசையாக ஒட்டிவிட்டுப் போனாளே என்று, இவர்கள் அதை எடுத்துச் சூடான உருளைக்குள் விட்டார்கள். வேறென்ன செய்வார்கள், சுருக்கத்துக்கு அவர்களுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதானே! படம் வெள்ளைத் தாளாக வெளியே வந்தது. எழுத்தெல்லாம் அடுத்து வந்த ஓர் ஓட்டல் மேஜை விரிப்பில் ஒட்டிக்கொண்டது.

அடுத்த வாரம் ஓர் ஓட்டலிலிருந்து ஒரு கட்டு விரிப்பு அப்படியே திரும்பி வந்தது. மூலை சேராமல், ஒவ்வொன்றிலும் வால் மாதிரி ஒரு முனை நீட்டிக்கொண்டிருந்தது. வாயாடி காய்ச்சலில் படுத்த நாளில், வேறொரு பெண்ணோடு நின்று பெரியக்கா மடித்த கட்டு அது. அந்தப் பெண் வாயே திறக்காதவள்.

சூப்பர்வைசர் கெட்டவரில்லை. கட்டை மேஜைமேல் வைத்துவிட்டு மெதுவாகத்தான் சொன்னார்: "பெரியக்கா, உங்களுக்குக் களைப்பா இருக்கு போல. அடுத்த வாரத்துலேர்ந்து பிரிக்கிற அறைக்குப் போயிடுங்க. உக்காந்து பண்ற வேலை. நின்னு நின்னு கால் ஓயாது."

அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் பிரிக்கிற அறை என்பது பின்பக்கம், அழுக்கு மூட்டைகள் வந்து விழுகிற இடம். தனியாக உட்கார்ந்து ஒவ்வொன்றாக உதறிப் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரி மூட்டைக்குள் சிலசமயம் ஊசி இருக்கும். உடைந்த கண்ணாடிச் சில்லு இருக்கும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவர்களுக்கே அங்கே விரலில் குத்துப் படும். அவர் போனதும் வாயாடி மேஜையைச் சுற்றி ஓடி வந்து பெரியக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அங்க ஊசி வருமே. நான் இப்பவே போய்ச் சொல்லிடறேன்."

"சொல்லிப் பாரு."

"அப்ப ஆபரேஷன் பண்ணிக்கோ. கார்டைக் கேட்டு வாங்கு."

"என் கண்ணு எங்கேயும் ஓடிப் போயிடாது. அண்ணன் மூச்சு அப்படியா? கேட்கிறேல்ல தினமும், அந்த விசிலை?"

அன்று மாலைவரை "வா… வா…" மட்டும்தான் கேட்டது, நடுவில் கதை ஒன்றுமே இல்லை. டிரைவர்கூட, "என்ன, இன்னிக்கு வானொலி பழுதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆபீஸ் பெண் மறுபடி வந்தது அதே வாரத்தில். 'எல்லாருக்கும் புரிஞ்சுதுன்னு எழுதியிருக்கே, அப்புறம் ஏன் ஒருத்தரும் வரல?' என்று அங்கே அவளைக் கேட்டிருக்கிறார்கள். இந்தத் தடவை உருளை நிற்கிற நேரமாகப் பார்த்து வந்தாள். வந்தவளை நிற்க வைப்பார்களா? நகர்ந்து இடம் கொடுத்து, தட்டை வைத்து உட்கார வைத்தார்கள். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருப்பாள் போல. வாயாடி வீட்டு முட்டைப் பொரியலை ஒரு வாய் சாப்பிட்டாள், கண் விரிந்தது. தட்டில் வைத்ததை முடித்துவிட்டுக் கரண்டியை மறுபடி எடுத்தாள். அவள் கைமேல் வாயாடியின் கை வந்து உட்கார்ந்தது.

"இரும்மா. கடைசி ஆள் வரட்டும்."

"ஐயோ, சாரிக்கா. யாரு வரணும்?"

"பாய்லர் அண்ணன். நீ தப்பா நினைக்காதே, எங்கள்ல யாரா இருந்தாலும் அப்படித்தான். முதல்ல அவரு வயிறு."

"நிறைய இருக்கே?"

"இருந்தாலும்."

அப்போது படியில் அந்த விசில் கேட்டது. எல்லாரும் வழக்கம்போல ஒரே நேரத்தில் உரக்கப் பேச ஆரம்பித்தார்கள். அந்தப் பெண்ணுக்குப் பழக்கமில்லையே, அவள் காது அங்கேயே போயிற்று.

"யாருக்கு இப்படி மூச்சு வாங்குது? டாக்டர்கிட்ட காட்டலையா? காப்பீடு இருக்கே!"

"அவருக்காகத்தானே நாங்க யாரும் தொடாம வச்சிருக்கோம்," என்றாள் பெரியக்கா. அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை. "இத்தனை வருஷத்துல ஒரு துளி குறையலம்மா. அப்படியே முழுசா இருக்கு."

கரண்டி அந்தப் பெண்ணின் கையிலிருந்து தட்டில் இறங்கிற்று. அண்ணன் வந்து, துண்டால் முகத்தைத் துடைத்து, மூச்சு அடங்கட்டும் என்று கொஞ்சம் சும்மா உட்கார்ந்தார். அவள் காத்திருந்து கேட்டாள்.

"அண்ணா, நீங்க ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகல?"

"எப்படிம்மா போறது? இவங்க எல்லாரும் என்னை நம்பிப் பெட்டியைக் குடுத்து வச்சிருக்காங்க." அவர் மேஜையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். "டிரைவர் வீட்டுல பிரசவம் வருது. இந்த வாயாடி பையன் நாளைக்கு இன்னொரு மரம் ஏறுவான். நான் பாட்டுக்கு எடுத்துத் தீர்த்துட்டா, அந்த நேரத்துல என்ன பண்ணுவாங்க? பத்திரமா வச்சிருக்கேன்மா. ஒண்ணுலயும் கை வைக்கல."

இவர்கள் அவருக்காக விட்டு வைத்தார்கள், அவர் இவர்களுக்காக விட்டு வைத்தார். மிச்சம் வைத்த இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

அந்தப் பெண் முதலில் ஆபீஸ் வார்த்தைகளில் ஏதோ ஆரம்பித்தாள். தனிநபர் வரம்பு, குடும்பப் பாதுகாப்பு என்றெல்லாம். எல்லாரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலை அவள் ஒரு தடவை நம்பி ஏமாந்தவள். சட்டென்று நிறுத்தினாள். எழுந்து நின்று, நடுவில் இருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாக மூடினாள். எது யாருடையது என்று கேட்டுக் கேட்டு அவரவர் முன்னால் வைத்தாள்.

"என்னம்மா, சாப்பாட்டைப் பிரிக்கிறே?" என்று டிரைவர் பதறினார்.

"கொஞ்சம் இருங்கண்ணா. நான்தான் அன்னிக்குத் தப்பாச் சொல்லிட்டேன். பாலிசி ஒண்ணுதான், ஆனா அது இந்த மேஜை மாதிரி இல்ல. அங்க ஆளுக்கு ஒரு டப்பா. இது பெரியக்காவோடது. அவங்க வீட்டுக்காரருக்கும் இதுலேர்ந்துதான். இது அண்ணனோடது. பெரியக்கா தன் டப்பாவைத் திறக்காம விட்டா, அது அண்ணனுக்குப் போகாது."

"பின்னே யாருக்குப் போகும்?"

"யாருக்கும் போகாது. வருஷக் கடைசியில மூடி திறக்காமலே எடுத்துட்டுப் போயிடுவாங்க. அடுத்த வருஷம் புதுசா ஒண்ணு வைப்பாங்க. அதையும் திறக்கலன்னா, அதையும்."

"யாரும் சாப்பிடாமலா?" என்றாள் வாயாடி, நம்ப முடியாமல்.

"யாரும் சாப்பிடாம."

வாயாடியின் கை தானாகக் காதுக்குப் போயிற்று. கம்மல் இருந்த இடத்தில் ஒரு குச்சி இருந்தது.

பெரியக்கா மட்டும் அசையவில்லை. "நீ நல்ல பொண்ணு. எங்க மனசு நோகக் கூடாதுன்னு சொல்றே. ஆனா ஒருத்தர் எடுத்தா எங்கேயாவது ஒரு இடத்துல குறையத்தாம்மா செய்யும். அண்ணன் முதல்ல போகட்டும். மத்தது அப்புறம்."

"பெரியக்காவுக்கு என்ன? அவங்களுக்கு எதுவும் இல்லையே," என்றார் அண்ணன்.

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்."

"அவளுக்குக் கண்ணு தெரியல!"

சொன்னது வாயாடி. சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள், ஆனால் வெளியே வந்தது வந்ததுதான். பெரியக்கா அந்தக் குரல் வந்த பக்கம் திரும்பினாள்.

"அடிப்பாவி."

"பேசாதே! என்கூடப் பேச மாட்டேன்னுதானே சொன்னே? பேசாதே போ! ஜென்மத்துக்கும் பேசாமலே இரு. ஆனா அந்த அறையில போய் உக்காந்து ஊசியில கையை விடாதே. நான் இல்லாம அங்க உனக்கு யாரு 'வா வா'ன்னு சொல்லுவா?" அதற்கு மேல் அவளால் முடியவில்லை. வாயாடி அழுது அங்கே யாரும் பார்த்ததில்லை.

பாய்லர் அண்ணன் எழுந்தார். எல்லாரும் "உக்காருங்கண்ணே, உக்காருங்கண்ணே" என்று கத்தக் கத்தக் கீழே இறங்கிப் போனார். சோப்புப் பெட்டியோடு திரும்பி ஏறினார். இந்தத் தடவை யாரும் உரக்கப் பேசவில்லை, அந்த விசிலை அப்படியே கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெட்டியைப் பெரியக்கா முன்னால் வைத்துத் திறந்தார். உள்ளே கார்டுகளெல்லாம் சூட்டில் வளைந்து, காய்ந்த இலை மாதிரி சுருண்டு கிடந்தன. பாய்லருக்கு மேலேதான் வைத்திருந்திருக்கிறார். ஈரம் படாத இடம் வேறு எது என்று அவருக்குத் தெரியவில்லை.

"உன்னோடதை எடு தாயி."

"நீங்க எடுங்கண்ணே முதல்ல."

"நீ எடுத்தாத்தான் நான் எடுப்பேன்."

"பெரியவங்க நீங்க எடுக்காம நான் எப்படி…"

விட்டால் சாயங்காலம்வரை நடந்திருக்கும். ஆபீஸ் பெண்தான் குறுக்கே வந்தாள்.

"அக்கா, உங்க சட்டம் என்ன? கடைசி ஆள் வந்துட்டா எல்லாரும் ரெண்டாம் தடவை எடுக்கலாம். அவ்வளவுதானே? அண்ணன் வந்து உக்காந்தாச்சு. இனிமே யாரு யாருக்காகக் காத்திருக்கணும்?"

டிரைவர்தான் முதலில் சிரித்தார். பிறகு ஒவ்வொருவராக. வாயாடி மூக்கை உறிஞ்சிக்கொண்டே எல்லா டப்பாவையும் மறுபடி திறந்து நடுவில் தள்ளினாள். அந்தப் பெண் சுருண்ட கார்டுகளில் பெயரைப் படித்துப் படித்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தாள்.

கண்ணாடி அறைக்குள் தனியாகச் சாப்பிடுகிற சூப்பர்வைசர் கையைக்கூடக் கழுவாமல் வெளியே வந்து நின்றிருந்தார்.

"ஏன் பெரியக்கா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா அனுப்பிடுவீங்களோன்னு…"

"சொல்லாமலே அனுப்பத்தானே பார்த்தேன்." அவர் தலையில் அடித்துக்கொண்டார். "போயிட்டு வாங்க. இந்த இடம் உங்களோடதுதான். அதுவரைக்கும் இந்த வாயாடியோட யாரு நின்னு மடிப்பாங்கன்னுதான் தெரியல, காதுல பஞ்சு குடுக்கணும்."

அன்று அந்தப் பெண் ஆபீஸுக்குத் திரும்பவே இல்லை. ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து, எந்த ஆஸ்பத்திரி பட்டியலில் இருக்கிறது, போகும் முன் எந்த எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும், அங்கே போனால் முதலில் எந்த மேஜையில் கேட்க வேண்டும் என்று திருப்பித் திருப்பிச் சொன்னாள். சொன்னதை அவர்களையே திருப்பிச் சொல்ல வைத்தாள். தலையாட்டினால் ஒத்துக்கொள்ளவில்லை.

காப்பீட்டுக் கம்பெனி கண் பரிசோதனை முடிவைக் கேட்டது, அவள் அனுப்பினாள். இன்னும் எதையோ கேட்டது, அதையும் அனுப்பினாள். அனுமதி வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் பெரியக்காவோடு வீட்டுக்காரர் வந்தார். வாயாடி லீவு போட்டுவிட்டு வந்தாள். நெஞ்சு டாக்டரைப் பார்க்கப் பாய்லர் அண்ணனும் அதே நாளில் வந்தார். காப்பீட்டு மேஜையில் இருந்த இளைஞன் பெரியக்காவின் கார்டை வாங்கிக் கீழே வைத்தான். அது தொட்டில் மாதிரி ஆடிற்று.

"என்னங்க இது?"

"பாய்லர் மேல இருந்துச்சு தம்பி."

அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. நம்பரைப் பார்த்துத் தட்டினான். "சரியா இருக்கு. கூட வந்தது யாரு?"

"நான்," என்றார் வீட்டுக்காரர். "மத்த ரெண்டு பேரும் நின்னுட்டு வர்ற பயணிங்க." பிறகு பெரியக்காவின் காதருகே குனிந்தார். "ஆளுக்கு ஒரு டிக்கெட்டுன்னு நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க, சொன்னீங்க. விசிலை ஊதுங்க, வண்டி கிளம்பட்டும்."

ஆனால் அவளே கிளம்பவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "தம்பி, இப்ப நான் எடுக்கறேன்ல… அவரோட டப்பாவுல எதுவும் குறைஞ்சிடாதே?"

"எந்த டப்பா பாட்டி?"

பக்கத்து ஜன்னலில் அண்ணனின் கார்டையும் அப்போதுதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்த பெண்ணிடம் அவர் என்னவோ கேட்டார், அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். அவர் அங்கிருந்தே கையை ஆட்டிக் கத்தினார், மூச்சு வாங்குவதைக்கூட மறந்து: "அப்படியே முழுசா இருக்காம் தாயி! உன்னோடது வேற, என்னோடது வேறயாம்! நீ தைரியமாப் போ!"

அதைக் கேட்ட பிறகுதான் பெரியக்காவின் கை மேஜையை விட்டது.

வாயாடி உள்கதவுவரை கூடவே போனாள். "வா… வா… கொஞ்சம் இடது பக்கம்… ஆங்." கதவுக்கு அந்தப் பக்கம் போக அவளை விடவில்லை. மூடிய கதவைப் பார்த்தும் ஒரு தடவை "வா" என்று சொல்லிவிட்டாள், பழக்கம்.

கண் ஆறி, டாக்டர் போகலாம் என்று சொன்ன பிறகு, ஒரு காலையில் பெரியக்கா மேஜைக்குத் திரும்பினாள். மற்றக் கண்ணுக்கும் நாள் குறித்தாகிவிட்டது. 'ஒரு கண்ணு போதும்' என்று அவள் சொல்லிப் பார்த்தாள், 'டப்பாவுல இன்னும் இருக்கு, எடு' என்று அண்ணன் அதட்டிவிட்டார். அவருக்கும் மூச்சுக்கு உறிஞ்சுகிற மருந்து கொடுத்திருந்தார்கள், பாய்லருக்குக் கூடவே ஓர் ஆளும் போட்டிருந்தார்கள். இப்போதெல்லாம் சாப்பிட அவர் முதல் ஆளாகவே வந்துவிடுகிறார். மாதத்தில் ஒருநாள் ஆபீஸ் பெண் வருவதாகச் சொன்னால், கடைசி ஆள் அவள்தான். அவள் வரும்வரை அண்ணன் உள்பட யாரும் கரண்டியைத் தொடுவதில்லை.

உருளையிலிருந்து முதல் விரிப்பு வந்தது. பெரியக்கா இரண்டு மூலையைப் பிடித்தாள். வெள்ளைக்குள் இத்தனை விதம் இருப்பதை அவள் மறந்தே போயிருந்தாள். சுவரில் பழுப்புக் கறை தெரிந்தது. விரிப்பின் ஓரத்தில் தையல் தெரிந்தது. எதிரே வாயாடி தெரிந்தாள்.

"ஏன்டி, உனக்கு எப்பத்திலேர்ந்து இவ்வளவு நரை?"

"நீ பார்க்காதப்ப வந்தது."

அவ்வளவுதான் சொன்னாள். உதறினார்கள். நடந்தார்கள். மூலையோடு மூலை பிசகாமல் சேர்ந்தது. விலகினார்கள், நெருங்கினார்கள். ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. வாயாடி வாயே திறக்கவில்லை. உருளைச் சத்தம் மட்டும் கேட்டது.

பெரியக்கா விரிப்பைப் பிடித்தபடியே நின்றாள்.

"என்னடி, உம்முன்னு இருக்கே?"

"இனிமே எதுக்கு? உனக்குத்தான் எல்லாம் தெரியுதே."

"கண்ணுக்குத் தெரியுது. காது சும்மாத்தானே இருக்கு? நான் லீவுல இருந்தப்ப உன் மாமியார் என்ன சொன்னாங்க?"

வாயாடி விரிப்பை ஓர் உதறு உதறினாள்.

"அதை ஏன்க்கா கேட்கிறே…"

டிரைவர் மூட்டையோடு உள்ளே வந்தவர், வாசலிலேயே நின்று, தலையை ஆட்டிக்கொண்டார்.